பத்துக்கு எட்டுல ஒரு குடும்பம்

காலையில ஆறு மணி வாக்குல நானும் யாழினியும் எழும்பூர்ல எறங்குனோம். திண்டுக்கல்ல இருந்து ராத்திரி வண்டி. எனக்கு மேல் பெர்த் விழுந்திருந்துச்சு. ஏணியில ரெண்டு படி ஏறுனதும் என் வயிறு, "நீ முன்னால போ, நான் பின்னால வர்றேன்"னு நின்னுக்கிச்சு. கீழ இருந்து யாழினி, "மாமா, எறங்கிருங்க, ஆளாளுக்குச் செல்போனை எடுக்குறாங்க"ன்னா. அவ மேல ஏறிப் படுத்துக்கிட்டா. நான் கீழ படுத்தேன். கொறட்டை விட்டேனாம். எதிர் சீட்டுக்காரர் எறங்கும்போது என்னைப் பாத்த பார்வையிலயே அது தெரிஞ்சுச்சு.

யாழினி என் தங்கச்சி மக. பதிமூணு வயசு. அவ அப்பா சேகரு இந்த ஊரு துறைமுகத்துக்குக் கன்டெய்னர் டிரைலர் ஓட்டுனவரு. அவ அம்மா, அதாவது என் தங்கச்சி கலா, ராயபுரத்துல ஒரு ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பாத்தா. பிள்ளைக்கு ரெண்டு வயசு இருக்கும்போது எங்ககிட்ட விட்டுட்டு, ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ல போனாங்க ரெண்டு பேரும். பஸ்ஸு கவுந்துருச்சு. அன்னையில இருந்து அவ எங்க வீட்டுப் பிள்ளை.

எங்க வீட்டுல அவுங்க ஞாபகமா இருக்குறது ஒரே ஒரு கல்யாணப் போட்டோ. அதுல ரெண்டு பேரும் சிம்மாசன நாற்காலியில உக்காந்திருக்காங்க. அதுதான் வெனையாப் போச்சு. போன மாசம் சாப்புடும்போது யாழினி கேட்டா, "எங்கப்பா நெட்டையா, குட்டையா?" நான் நெட்டைன்னேன். என் பொண்டாட்டி குட்டைன்னா. மாப்பிள்ளையை நாங்க பாத்ததே கையளவு நாளுதான், அதுலயும் முக்காவாசி நேரம் இலைக்கு முன்னால உக்கார வச்சிருந்தோம். யாழினி தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னா, "அவுங்க தொட்ட பொருள் ஒண்ணாச்சும் அங்க இருக்கும்ல மாமா? ஒண்ணு போதும்."

"இருக்கும், இருக்கும்"னேன். எனக்கு மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை. நாளைக்கு ரெடியாயிரும்னு கஸ்டமர்கிட்ட சொல்றேன்ல, அதே கொரல்ல சொல்லிட்டேன். சொன்னது எனக்கே கேட்டுச்சு. மறுநாளே டிக்கெட் போட்டேன்.

வடசென்னைக்குன்னு சொன்னதும் சொந்தக்காரங்க பூராம் போலீஸ்காரங்க மாதிரி புத்தி சொன்னாங்க. எல்லாம் சினிமாவுல பாத்து வந்த பயம். எனக்கு மட்டும் என்ன, நானும் அதே படத்தத்தான பாத்தேன்? கைச்செலவுக்குக் கொஞ்சம் பையில வச்சுக்கிட்டு, மிச்சக் காசை ஒரு பாலிதீன் கவர்ல சுத்தி, சாக்ஸுக்குள்ள வச்சு, மேல ஷூவை மாட்டிக்கிட்டேன். நான் ஷூ போட்டு வருசம் ஆச்சு.

எழும்பூர்ல இருந்து மின்சார ரயில்ல பீச், அங்க மாறி ராயபுரம். தலைக்கு அஞ்சு ரூபா. ராயபுரம் ஸ்டேஷன்ல தூண் வச்ச பழைய கட்டடம் ஒண்ணு நிக்குது, வெள்ளைக்காரன் காலத்துது. வெளிய வந்தா மீன் வாசனையும் டீசல் வாசனையும் ஒண்ணா வருது. ரோட்டோரக் கடையில இட்லியும் வடகறியும், ரெண்டு பேருக்கும் சேர்த்து நூத்திப் பத்து. நான் ரெண்டாந்தடவை வடகறி கேட்டேன். கடைக்காரம்மா, "ஊத்திக்கோ நைனா, வயித்த பாத்தாலே தெரியுது, நல்லா சாப்புட்ற ஆளு"ன்னாங்க. யாழினி அன்னைக்கு மொத மொதல்ல சிரிச்சது அதுக்குத்தான்.

எட்டு மணிக்கெல்லாம் அவுங்க குடியிருந்த சந்தைக் கண்டுபுடிச்சிட்டோம். சந்து இருந்துச்சு. வீடு இல்ல. அந்த எடத்துல நாலு மாடிக்கு அபார்ட்மென்ட் நிக்குது, கீழ பைக்கா நிறுத்தி வச்சிருக்காங்க. யாழினி கேட்டுக்கு வெளிய நின்னு, நாலு மாடியையும் ஒவ்வொண்ணாப் பாத்தா. எந்த உசரத்துல தேடுறதுன்னு அவளுக்குத் தெரியல. எதிர்ல துணி தேச்சிட்டிருந்தவர், "மேரியம்மா வூடா? அது இடிச்சி எந்தக் காலம் ஆச்சு. அவங்கோ திருவொத்தியூர்ல பொண்ணு வூட்ல கீறாங்கோ. தேரடிகிட்ட இறங்கி, மாவு மில்லு எங்கன்னு கேளு, மேல் மாடி"ன்னாரு. மேரியம்மாதான் அந்த வீட்டுக்காரங்க. கலாவும் சேகரும் அவுங்க மாடியிலதான் வாடகைக்கு இருந்தாங்க.

ஷேர் ஆட்டோவுல தலைக்கு முப்பது ரூபா. ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிங்க ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கிட்டு நிக்குது. அது எப்ப நகருமோ, டிரைவருங்க கீழ எறங்கிப் பல்லு வெளக்குறாங்க, துணி காயப் போடுறாங்க, ஒருத்தர் வண்டிக்கு அடியில ஸ்டவ்வு பத்த வச்சு ரசம் கொதிக்க விடுறாரு. யாழினி ஒவ்வொரு டிரைவரையும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டு வந்தா. அவ என்ன தேடுறான்னு எனக்கு வெளங்குச்சு. நான் ரோட்டைப் பாத்துக்கிட்டேன்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில என்னைப் பாத்து, "இன்னா சார், ஊருக்குப் புச்சா?"ன்னாரு.

"எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"ஏறுனதுல இருந்து குனிஞ்சி குனிஞ்சி ஷூவ தொட்டுப் பாத்துகினே வர்ற. துட்டு அங்கதான வச்சிகினு கீற?"

ஆட்டோவுல இருந்த அம்புட்டுப் பேரும் என் காலைப் பாத்தாங்க. பக்கத்துல உக்காந்திருந்த பாய், "நல்ல எடம் சார். கால் நாத்தத்துக்கு எவனும் கிட்ட வர மாட்டான்"னு ஆறுதல் சொன்னாரு. எறங்கும்போது அந்தக் காசை எடுக்க நான் ஆட்டோவுக்குள்ளயே ஷூவைக் கழட்ட வேண்டியதாப் போச்சு.

மேரியம்மாவுக்கு எழுபது பக்கம் இருக்கும். கதவைத் தெறந்து, என்னைப் பாத்து, யாழினியைப் பாத்து, மறுபடி யாழினியைப் பாத்து, "கலா பொண்ணா? ஏசுவே, அதே நெத்தி"ன்னு கையைப் புடிச்சு இழுத்து உள்ள உக்கார வச்சாங்க. விசயத்தைச் சொன்னேன். அவுங்க சொன்னது இதுதான்: கட்டிலு, பீரோவை வித்து, காரியச் செலவுக்குன்னு அப்பவே எங்க வீட்டுப் பெரியவங்க கையில குடுத்தாச்சு. துணிமணி ஆசிரமத்துக்குப் போயிருச்சு. மிச்சம் சொச்சம் எல்லாம் வீடு இடிக்கும்போது போச்சு.

"ஆனா ஒண்ணு வச்சிருக்கேன் கண்ணு. உங்கம்மா கைப்பட குடுத்தது"ன்னு உள்ள போனாங்க.

யாழினி நிமிந்து உக்காந்தா.

ஒரு எவர்சில்வர் டப்பா, மூடியோட. கலா முறுக்கு போட்டுக் குடுத்ததாம். ஒருத்தர் வீட்டுல இருந்து பலகாரம் வந்த டப்பாவைக் காலியாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுல்ல, கேக்கு போட்டுக் குடுக்கலாம்னு கிறிஸ்மஸுக்குக் காத்திருந்தாங்களாம் மேரியம்மா. அதுக்குள்ள அந்தச் செய்தி வந்துருச்சு. "அப்பால இத்த எவ்வளோ பேரு கேட்டும் நான் குடுக்கல. புள்ள வரும்னு எனக்குத் தெரியும்."

யாழினி டப்பாவை ரெண்டு கையிலயும் வாங்கி, பாப்பா மாதிரி மடியில வச்சுக்கிட்டா. வெரலால தடவிப் பாத்தவ, அடியில திருப்பிப் பேரு வெட்டியிருக்குறதைப் படிச்சா. படிச்சிட்டு என்கிட்ட நீட்டுனா. "தனலட்சுமி காது குத்து, அன்பளிப்பு: சித்தப்பா வேலு"ன்னு இருந்துச்சு. எங்க சொந்தத்துல தனலட்சுமியும் இல்ல, வேலுவும் இல்ல.

மேரியம்மா கண்ணாடியைப் போட்டுப் படிச்சாங்க. அப்புறம் நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க. "தோ பாரு! எதிர் வூட்டு தனலட்சுமி டப்பா. அவ சுண்டல் போட்டு உங்கம்மாக்குக் குடுத்திருப்பா, அத்த திருப்பிக் குடுக்காம உங்கம்மா முறுக்கு போட்டு எனக்குக் குடுத்திருக்கா. இத்தினி வருசமா எவ டப்பாவையோ நான் கட்டிக் காத்துகினு கீறேன்! அப்போ உங்கம்மா டப்பா எவ வூட்ல கீதோ!"

நான் சிரிச்சுட்டேன். யாழினி சிரிக்கல. "பரவாயில்ல ஆயா"ன்னா. அந்தப் "பரவாயில்ல" இருக்கே, அது எனக்குப் பழக்கமானது. பள்ளிக்கூடத்துல பெற்றோர் கூட்டம்னு சொல்லும்போது வர்ற "பரவாயில்ல" அது.

மேரியம்மாவுக்கும் அது கேட்டிருக்கணும். "எண்ணூர் ஹைரோட்ல, குப்பம் தாண்டி, கடலோரமா ஒரு கேரம் கிளப்பு கீது. லாரிக்காரனுங்கோ ஆட்றது. சேகரு வேலை விட்டா வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அங்கதான் பூடுவான். ஒயிட்டுன்னு ஒருத்தன் கீறான், கேளு"ன்னாங்க. கெளம்பும்போது அந்த டப்பாவைச் சும்மா விடல. காலியாக் குடுக்கக் கூடாதுன்னு வாய் வரைக்கும் நெத்திலிக் கருவாட்டை அமுக்கிக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் அன்னைக்கு நாங்க எந்தத் தெருவுல போனாலும் எங்களுக்குத் தொணைக்கு ரெண்டு பூனை வந்துச்சு.

பத்தரை, பதினொண்ணு இருக்கும், கடலோர ரோட்டுக்கு வந்தோம். இங்க கடற்கரைன்னா மணலு கெடையாது. கருங்கல்லுப் பாறையைக் கொண்டாந்து கொட்டிச் செவுரு மாதிரி கட்டியிருக்காங்க, அலை அதுல மோதி நம்ம மேல தெளிக்குது. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் டிரைலர் வரிசை, நடுவுல மூங்கில் நட்டு ஃப்ளெக்ஸ் பேனரால கூரை போட்ட ஒரு கொட்டகை. கல்யாணம், காது குத்து, மஞ்சள் நீராட்டு, கட்சி மாநாடு எல்லாம் முடிஞ்ச பேனருக்கு இந்தப் பக்கம் கூரைதான் மோட்சம். கொட்டகைக்குள்ள நடுவுல ஒரு கேரம் போர்டு, மேல ஒரு பல்பு, சுத்தி ஆறேழு பேரு. "டக்"குனு காய் அடிக்கிற சத்தம்.

வாசல்ல நின்னு, "இங்க ஒயிட்டுங்குறவரு..."ன்னு இழுத்தேன்.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் தலையைத் தூக்காம, "இன்னா வோணும்?"னாரு. நிலக்கரி ஏத்துற யார்டுல வேலையாம், ஆனா வெள்ளைச் சட்டை தவிர வேற போட மாட்டாராம். அந்தப் பேரு அப்படி வந்ததாம்.

"திண்டுக்கல்ல இருந்து வர்றோம். இது டிரைலர் சேகரு பொண்ணு."

ஸ்ட்ரைக்கர் மேல வச்ச வெரலு அப்படியே நின்னுருச்சு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஒயிட்டு எந்திரிச்சு நின்னு, "அம்மு?"ன்னாரு. யாழினியை அந்தப் பேரு சொல்லி நாங்க யாரும் கூப்புட்டதில்ல. ஆனா அவ "ம்"னா.

அதுக்கப்புறம் யாரு பேசுறான்னே தெரியாம எல்லாரும் பேசுனாங்க. ஸ்டூலு வந்துச்சு, டீ வந்துச்சு, எனக்கு மட்டும் ஒடையாத ஸ்டூலாத் தேடிப் போட்டாங்க. முன் பல்லு ரெண்டு தூக்கலா இருந்த குமாருங்குறவருதான் பேச்சுல முன்னால நின்னாரு. பல்லு குமாருன்னுதான் எல்லாரும் கூப்புடுறாங்க, அவரும் அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கிறாரு.

"உங்கப்பன் மாதிரி ரிவர்ஸ் எடுக்க இந்த ரோட்ல இன்னிக்கும் ஆளு கெடையாது கண்ணு. ஆட்டோ திரும்பாத சந்துல நாப்பது அடி டிரைலர உள்ள வுடுவான். செவுத்துல இருக்குற சுண்ணாம்பு வண்டில ஒட்டாது. கிளீனரே வோணாம் அவனுக்கு."

"அவ்வளோ பெரிய வண்டி ஓட்றவன், உங்கம்மாவ எப்டி பாத்தான் தெரியுமா?"ன்னாரு ஒயிட்டு.

கோயில்ல பாத்ததா கலா எங்ககிட்ட சொல்லியிருந்தா. நான் அதைச் சொன்னேன். கொட்டகையே சிரிச்சுச்சு.

"கோயிலா! சார், லைசென்ஸுக்கு ரத்தம் டெஸ்ட்டு எடுக்கப் போனான் சார். நானும் கூடப் போனேன். உங்க தங்கச்சி ஊசிய எடுத்தாங்கோ. அவ்வளோதான், சேகரு பொத்துனு வுழுந்துட்டான். மூஞ்சில தண்ணி அடிச்சி எழுப்புனா, கண்ணத் தொறந்து அவங்கள பாத்துகினே, 'சிஸ்டர், இன்னொரு தபா குத்துங்கோ'ன்றான்! அதுக்கப்பால வாரம் ஒரு தபா போய்க் குத்திகினு வந்தான் சார். ஒடம்புல ரத்தமே இல்ல."

யாழினி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. "நானும்தான்! தடுப்பூசி போட்டப்ப ஸ்கூல்ல மயங்கி விழுந்தேன். எல்லாரும் கிண்டல் பண்ணாங்க"ன்னா. அதைச் சொல்லும்போது ஏதோ கப்பு வாங்குன மாதிரி ஒரு பெருமை மொகத்துல.

"கல்யாணத்துக்கு அப்பால உங்கம்மா இங்க வருவாங்கோ"ன்னாரு பல்லு குமாரு. "ஆட்டத்த நிறுத்திட்டு, எல்லாருக்கும் வெரல்ல குத்தி சக்கர டெஸ்ட்டு எடுப்பாங்கோ. எனக்கு இருந்தத கண்டுபுடிச்சதே அவங்கோதான். ஊசிக்காரம்மா வர்றாங்கன்னா, டீல சக்கர போட்ருந்தவன்லாம் பின்பக்கமா ஓடிடுவான்."

எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. என் தங்கச்சி எங்க ஊர்ல எதிர்ல வந்த நாய்க்கு வழி விட்டு ஒதுங்கிப் போறவ. இங்க வந்து லாரி டிரைவருங்களை ஓட வச்சிருக்கா!

அப்பத்தான் யாழினி கேட்டா, "அவுங்க பொருள் ஏதாச்சும் இங்க இருக்கா?"

சத்தம் கொறஞ்சுச்சு. ஒயிட்டு பல்லு குமாரைப் பாத்தாரு. பல்லு குமாரு போர்டு மேல இருந்த பவுடரைத் தொடைச்சாரு. "பொருளுன்னு..."ன்னு இழுத்துட்டு, தண்ணி பாட்டிலை எடுத்து அவகிட்ட நீட்டுனாரு. "வெயில்ல வந்திருக்க. மொதல்ல தண்ணி குடி கண்ணு."

எங்க வீட்டுல வளந்த பிள்ளை, பாட்டில்ல எச்சி படக் கூடாதுன்னு அண்ணாந்து குடிச்சா. ரெண்டு மொடக்கு எறங்குச்சு. அப்புறம் தண்ணி வாயில விழாம கன்னத்துல விழுந்து, கழுத்துல எறங்கி, சட்டையை நனைச்சுச்சு. பொறையேறிருச்சோன்னு உச்சந்தலையில தட்டுனேன். என் கையைத் தள்ளிட்டு மேல காட்டுனா.

கூரையோட உள்பக்கம். பத்துக்கு எட்டு அடி ஃப்ளெக்ஸ். ரோஸ் கலர் மேகம், வண்ணத்துப்பூச்சி, நடுவுல தலையில கிரீடம் வச்ச ஒரு வயசுக் கைக்குழந்தை. "எங்கள் அம்முவின் முதல் பிறந்தநாள்." ஒரு பக்கம் கலா, பச்சைப் பொடவையில. கல்யாணப் போட்டோவுல வெறப்பா உக்காந்திருக்குற கலா இல்ல, வாயெல்லாம் பல்லாச் சிரிக்கிற கலா. இன்னொரு பக்கம் சேகரு, வண்டியில சாஞ்சு, நின்னுக்கிட்டு. கீழ வட்டம் வட்டமா இந்தக் கொட்டகை ஆளுங்க மூஞ்சி பூராம், பட்டப் பேரோட.

"பேனர எறக்குனதும் எல்லாத்தயும் போல இதயும் மேல போட்டோம்"னாரு ஒயிட்டு. "அவன் போன அப்பாலதான் திருப்பிப் போட்டோம். வெயில்ல மூஞ்சி காஞ்சிடும்னு. இதுக்கு மேல வேற பேனர் நாலு போத்தி கீறோம், தண்ணி எறங்காது. உங்களுக்கு அனுப்பலாம்னா, திண்டுக்கல்லுன்னு தெரியும், அங்க எங்கன்னு போய்த் தேடுறது?"

யாழினி ஸ்டூல் மேல ஏறி நின்னு ஒவ்வொரு மொகமாப் பாத்துட்டு வந்தவ, ஒரு மூலையில நிறுத்தி, "மாமா, இது நீங்களா?"ன்னா.

நான்தான். தலை மட்டும் நான். என் போட்டோ கெடைக்கலையாம், ஏதோ குரூப் போட்டோவுல இருந்து தலையை மட்டும் வெட்டி, கோட்டும் டையும் போட்ட ஒரு ஒல்லி ஆளு ஒடம்புல ஒட்டியிருக்காங்க. கீழ "தாய்மாமன்". அந்த இடுப்பைப் பாத்து எனக்கே பொறாமையா இருந்துச்சு. நான் இத்தனை வருசமாச் சென்னையில கோட்டுப் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன், எனக்கே தெரியல.

யாழினி மறுபடி அவ அப்பா பக்கம் போனா. வண்டிக் கதவோட கைப்பிடி எங்க இருக்கு, தோள் எங்க இருக்குன்னு பாத்தா. "இது என்ன வண்டி?"ன்னு கேட்டா. கேட்டதும் ஒயிட்டுக்குப் புரிஞ்சுபோச்சு. "வா"ன்னு வெளிய கூட்டிட்டுப் போனாரு. வரிசையில அதே மாடல் வண்டி ஒண்ணு நின்னுச்சு. அதோட டிரைவர், ஒரு வடநாட்டுத் தம்பி, என்ன ஏதுன்னு தெரியாமலே எறங்கி வழி விட்டுச்சு.

"தோள் கைப்பிடிக்கு நேரா. அப்போ தலை இங்க"ன்னு ஒயிட்டு கதவுல கை வச்சாரு. "இல்லடா, ரெண்டு வெரல் மேல. செருப்பு போட்டிருந்தான்"னு பல்லு குமாரு அதுக்கும் மேல கை வச்சாரு. யாழினி அந்தக் கைக்குக் கீழ போயி வண்டியில சாஞ்சு நின்னா. அவ தலை அவ அப்பா நெஞ்சுக்கு வந்துச்சு. கொஞ்ச நேரம் அப்படியே நின்னா. யாரும் கையை எடுக்கல. பின்னால எவனோ ஹாரன் அடிச்சான், அவனை நாலு பேரு சேந்து வைதாங்க.

"நெட்டைதான் மாமா"ன்னா.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல"ன்னேன். எங்க வீட்டுல ஒரு வாக்குவாதத்துல நான் ஜெயிச்சது அது ஒண்ணுதான்.

உள்ள வந்ததும் அவ நேராக் கேட்டா. "இதை நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" எங்க வீட்டுல மூணாவது தோசையை வாயத் தொறந்து கேட்டதில்ல இந்தப் பிள்ளை.

"வேற இன்னா வோணா கேளு கண்ணு"ன்னாரு பல்லு குமாரு.

"டேய், அது அவளோட அப்பன்டா"ன்னாரு ஒயிட்டு.

"எனுக்குத் தோஸ்துடா! கடைசி காய் போடறப்போ எல்லாரும் மேல பாத்து 'சேகரு'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான அடிக்கிறோம்? நாளிக்கி யார பாத்து சொல்லுவ? காலி மூங்கில பாத்தா?"

சண்டை வந்துருமோன்னு நான் நடுவுல பூந்து, "போட்டோ புடிச்சு ஊர்ல போயி புதுசா அடிச்சுக்கலாம் பாப்பா, இப்பல்லாம் ஸ்கொயர் ஃபீட்டு பத்து ரூபாதான்"னு ஒரு யோசனை சொன்னேன். எல்லாரும் என்னைப் பாத்த பார்வையில, கோட்டுப் போட்ட தாய்மாமன் மேல இருந்த மரியாதையும் போச்சு.

"புதுசு வேணாம் மாமா. எங்கப்பா பாத்தது இதுதான"ன்னா யாழினி. அழுகலை. சத்தமும் போடல. மேலயே பாத்துக்கிட்டு நின்னா.

பல்லு குமாரு அவளைப் பாத்தாரு. அப்புறம் ஸ்ட்ரைக்கரைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, "போர்ட நவுத்துங்கடா"ன்னாரு. அவரே மேசை மேல ஏறுனாரு. ஒவ்வொரு கயிறா அவுத்தாரு, அறுக்கல. யாரையும் கை வைக்க விடல.

எறக்குனதும், "மடிக்காத, கோடு வுழும்"னு மூங்கில் கழி ஒண்ணுல சுத்துனாங்க. சுத்தி முடிக்கிற வரைக்கும் பல்லு குமாரு அந்தக் காலி எடத்தைப் பாக்காமலே இருந்தாரு. யாழினி அவர்கிட்ட போயி, "என்னை ஒரு போட்டோ புடிங்க. அந்த எடத்துல போட்டுக்கங்க"ன்னா.

அவரு அப்பத்தான் அண்ணாந்து பாத்தாரு.

மறுபடி எல்லாரும் ரோட்டுக்குப் போனோம். அதே வண்டி, அதே கைப்பிடி, அவ அப்பா நின்ன மாதிரியே சாஞ்சு நின்னா. ஒயிட்டு தன் செல்போன்ல புடிச்சாரு. "பேரு இன்னா போடறது? அம்முவா, யாழினியா?"ன்னு கேட்டாரு.

"டிரைலர் சேகரு, ஊசிக்காரம்மா பொண்ணுன்னு போடுங்க"ன்னா.

என் தங்கச்சி பொண்ணு அதைச் சொன்ன தோரணையில, வரிசையில நின்ன டிரைலருங்க எல்லாம் அவுங்க வீட்டு வண்டி மாதிரி இருந்துச்சு. நான் கண்ணுல தூசி விழுந்த மாதிரி திரும்பிக்கிட்டேன். கடல் காத்து, தூசிக்குப் பஞ்சமே இல்ல.

"சார், புது பேனர்ல உங்களயும் போடவா? கோட்டு ஃப்ரீ"ன்னாரு ஒயிட்டு. நான் வேண்டாம்னு சொல்லலை.

அங்கயே ஒரு மெஸ்ஸுல சாப்பாடு, வஞ்சிர வறுவலோட. காசு குடுக்க ஷூவைக் கழட்டப் போனேன், "ஐயோ சார், சாப்புட்ற எடத்துல வோணாம்"னு கையைப் புடிச்சுக்கிட்டாங்க. மூணு மணிக்கு மேல ஒரு டாட்டா ஏஸ்ல எங்களையும் மூங்கில் கழியையும் ஏத்தித் திருவொத்தியூர் ஸ்டேஷன்ல விட்டாங்க. அதுக்கும் காசு வாங்கல. சென்ட்ரலுக்கு டிக்கெட்டு தலைக்கு அஞ்சு ரூபா. கழியோட முன் முனையை அவ தூக்க, பின் முனையை நான் தூக்க, கையில கருவாட்டு டப்பாவோட பிளாட்ஃபாரத்துக்கு வந்தோம்.

பெஞ்சுல உக்காந்திருந்த மீன் கூடைக்காரம்மா, "இன்னாமே அது, இவ்வளோ நீட்டு?"ன்னாங்க.

எங்க ஊர்ல யாராச்சும் எதையாச்சும் கேட்டா, "ஒண்ணுமில்ல"ன்னு சொல்ற பிள்ளை இவ. அப்பா என்ன செய்றாருன்னு கேட்டா, "மாமா வீட்டுல இருக்கேன்"னு பேச்சை முடிச்சுக்குவா. நான் பதில் சொல்றதுக்குள்ள, கழியைக் கீழ வச்சு, கயித்தை அவுத்து, பிளாட்ஃபாரத்துல விரிக்க ஆரம்பிச்சுட்டா. காத்துல பறக்காம இருக்க ஒரு மூலையில என்னை நிக்க வச்சா. இன்னொரு மூலையில கருவாட்டு டப்பா. கூடைக்காரம்மா எந்திரிச்சு வந்தாங்க. காலேஜ் பசங்க ரெண்டு பேரு, ஒரு போலீஸ்காரம்மா, பொரி விக்கிறவருன்னு கூட்டம் கூடிருச்சு.

"இது எங்கப்பா. ஆட்டோ போகாத சந்துல டிரைலரை ரிவர்ஸ் எடுப்பாரு. என்னைவிட இவ்வளவு உசரம். இது எங்கம்மா, இவுங்க வந்தா லாரி டிரைவருங்க எல்லாம் ஓடிருவாங்க. இது நான். இது ஒயிட்டு மாமா. இது பல்லு குமாரு சித்தப்பா, எங்கப்பாவோட தோஸ்து..."

சென்ட்ரல் போற வண்டி வந்து நின்னுச்சு. "பாப்பா, வண்டி"ன்னேன். அவ காதுல விழுகல, கூடைக்காரம்மாவும் ஏறல. கதவோரம் தொங்கிட்டு வந்தவங்க எட்டி எட்டிப் பேனரைப் பாத்தாங்க. வண்டி கெளம்பிப் போயிருச்சு.

அடுத்த வண்டிக்கு நேரம் இருந்துச்சு. கீழ் வரிசையில இன்னும் பாதிப் பேரு பாக்கி. நான் மூலையை மிதிச்சுக்கிட்டு அப்படியே நின்னேன்.